பத்தில் ஆறு அணி போகிறது, இதில் என்ன கஷ்டம்?

கேள்வி இதுதான்: தென் அமெரிக்காவில் இருப்பதே 10 அணிகள். 2026 கால்பந்து உலகக் கோப்பைக்கு அதில் 6 அணி நேரடியாகப் போனது, 7ஆவது வந்த அணிக்கும் பிளேஆஃப் என்று ஒரு வாய்ப்பு. பாதிக்கு மேல் பாஸ். அப்படியிருக்க, உலகத்திலேயே கஷ்டமான தகுதிச் சுற்று இதுதான் என்று ஏன் எல்லோரும் சொல்கிறார்கள்? சும்மா மெஸ்ஸி, நெய்மார் பெயருக்காகவா?

நியாயமான கேள்வி. பாதி பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது, அதைக் கடைசியில் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எத்தனை பேர் வெளியே போகிறார்கள் என்பதை மட்டும் வைத்து இந்தச் சுற்றை அளந்தால் இதில் நடக்கும் விஷயமே கண்ணில் படாது.

முதலில் அமைப்பு. ஒவ்வோர் அணியும் மற்ற 9 அணிகளோடும் சொந்த ஊரில் ஒன்று, அவர்கள் ஊரில் ஒன்று என்று மொத்தம் 18 ஆட்டம். 2023 செப்டம்பரில் ஆரம்பித்தது 2025 செப்டம்பர் 9 அன்றுதான் முடிந்தது, அதாவது முழுசாக இரண்டு வருஷம். குலுக்கல் போட்டு குரூப் பிரிப்பதெல்லாம் கிடையாது, அதனால் "அவனுக்கு லேசான குரூப் மாட்டிவிட்டது" என்ற புலம்பலுக்கும் இடமில்லை. எல்லோரும் எல்லோரையும் இரண்டு தடவை பார்த்தாக வேண்டும். ஐபிஎல் பார்க்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். அங்கேயும் 10 அணிதான், கடைசி வாரம் வந்தால் நம் அணி ஜெயித்தால் மட்டும் போதாது, யாரோ யாரிடமோ தோற்க வேண்டும் என்று கால்குலேட்டரோடு உட்காருவோம் இல்லையா, அதே கதைதான். ஐபிஎல் இரண்டு மாசத்தில் முடிந்துவிடும், அடுத்த வருஷம் மறுபடி வந்துவிடும். இதில் கோட்டை விட்டால் அடுத்த வாய்ப்புக்கு நாலு வருஷம்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1994 உலகக் கோப்பை வரைக்கும் மூன்று, நாலு, மிஞ்சினால் ஐந்து அணி கொண்ட சின்னச் சின்ன குரூப்கள்தான். அதிலும் பெரிய கூத்துகள் நடந்திருக்கின்றன. 1993 செப்டம்பர் 5, பியூனஸ் ஐரஸில் கொலம்பியா அர்ஜென்டினாவை 5-0 என்று அடித்தது. ரின்கோன் 2, அஸ்பிரியா 2, வலென்சியா 1. மறுவாரம் எல் கிராஃபிகோ பத்திரிகை கறுப்பு அட்டையில் "வெட்கம்" என்ற ஒற்றை வார்த்தையோடு வந்தது. அன்று அர்ஜென்டினா மொத்தமாக வெளியே போகாமல் தப்பியதற்குக் காரணம், அதே நாள் லிமாவில் பெருவும் பராகுவேயும் 2-2 என்று டிரா செய்ததுதான். அப்புறம் மாரடோனாவைத் திரும்பக் கூட்டிவந்து, பிளேஆஃபில் ஆஸ்திரேலியாவைச் சிட்னியில் 1-1, பியூனஸ் ஐரஸில் 1-0 என்று தட்டுத்தடுமாறித் தாண்டினார்கள். 1998 உலகக் கோப்பைக்கான சுற்றிலிருந்துதான் எல்லோரும் எல்லோரோடும் ஆடும் லீக் முறை வந்தது. இதில் லாபம் சின்ன அணிகளுக்கு. வருஷத்துக்கு நாலைந்து பெரிய ஆட்டம் சொந்த மண்ணில் உறுதி, அதற்கான டிக்கெட், டிவி பணம் உறுதி, பிரேசிலோடும் அர்ஜென்டினாவோடும் மறுபடி மறுபடி ஆடி ஆடி பயம் விட்டுப்போய்விட்டது. ஈக்வடார் முதன்முதலாக உலகக் கோப்பைக்குப் போனது 2002இல், அதாவது இந்த முறை வந்த இரண்டாவது சுற்றிலேயே. அது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

விளைவு என்னவென்றால், "இந்த ஆட்டத்துக்கு 3 புள்ளி உறுதி" என்று எழுதிவைத்துக்கொள்ள யாருமே இல்லை. ஐரோப்பாவில் ஒவ்வொரு குரூப்பிலும் ஒரு சான் மரினோவோ ஜிப்ரால்டரோ லிச்டென்ஸ்டைனோ இருக்கும், 6 கோல் போட்டுவிட்டு வரலாம். இங்கே ரொம்ப காலமாகக் கடைசி என்று எல்லோரும் நினைக்கும் அணி வெனிசுவேலா, இந்தப் பத்தில் இன்றுவரை உலகக் கோப்பையையே பார்க்காத ஒரே அணி. அந்த வெனிசுவேலா 2023 அக்டோபரில் பிரேசிலின் குயபாவுக்குப் போய், 85ஆவது நிமிஷத்தில் எடுவார்ட் பெல்லோ தலைகீழாகத் தாவி அடித்த ஓவர்ஹெட் கிக்கில் 1-1 டிரா செய்துவிட்டு வந்தது.

இந்தச் சுற்று எப்படிப்பட்டது என்று ஒரே நாளில் காட்ட வேண்டுமென்றால் நான் 2017 அக்டோபர் 10ஐத்தான் சொல்வேன். நமக்கு 11ஆம் தேதி அதிகாலை 5 மணி. கடைசிச் சுற்று என்பதால் ஐந்து ஆட்டமும் ஒரே நேரத்தில். நான் டிவி சத்தத்தை அடக்கிவிட்டு, மடியில் லேப்டாப்பில் இன்னொரு ஆட்டம், கையில் போனில் மாறிக்கொண்டே இருக்கும் புள்ளிப் பட்டியல் என்று உட்கார்ந்திருந்தேன். அன்று காலை நிலவரம்: பிரேசில் எப்போதோ போய்விட்டது. உருகுவே 28 புள்ளி, சிலி 26, கொலம்பியா 26, பெரு 25, அர்ஜென்டினா 25, பராகுவே 24. அப்போதெல்லாம் நேரடி இடம் 4தான், 5ஆவதுக்குப் பிளேஆஃப். அர்ஜென்டினா 6ஆவது. அதாவது அப்படியே முடிந்தால் மெஸ்ஸி இல்லாத உலகக் கோப்பை. ஜெயித்தே ஆக வேண்டிய ஆட்டம் எங்கே? ஈக்வடாரின் தலைநகரம் கீட்டோவில், 2,850 மீட்டர் உயரத்தில்.

ஆட்டம் ஆரம்பித்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, ஈக்வடாரின் ரொமாரியோ இபாரா கோல் போட்டுவிட்டார். நான் உண்மையிலேயே எழுந்துபோய்க் காபி போட ஆரம்பித்துவிட்டேன், இனி என்ன பார்ப்பது என்று. பால் பொங்குவதற்குள் மெஸ்ஸி ஒன்று போட்டார், 12ஆவது நிமிஷம். 20இல் இன்னொன்று. 62இல் மூன்றாவது, கோல்கீப்பர் தலைக்கு மேலே மெதுவாகத் தூக்கிவிட்ட பந்து. 3-1. 6ஆவது இடத்திலிருந்து 3ஆவது இடத்துக்கு ஏறி முடித்தார்கள்.

ஆனால் அன்று மற்ற மைதானங்களில் நடந்ததுதான் எனக்கு இதைவிடப் பிடித்தது. லிமாவில் கொலம்பியா 1-0 என்று முன்னால் இருக்கிறது, 76ஆவது நிமிஷம், பெருவுக்கு ஒரு ஃப்ரீ கிக். நடுவர் கையை மேலே தூக்கி வைத்திருக்கிறார், அதாவது நேராகக் கோலுக்குள் அடித்தால் செல்லாது, நடுவில் இன்னொருவர் மேல் பட்டாக வேண்டும். பாவ்லோ குரேரோ அதைக் கவனித்தாரோ இல்லையோ, நேராகவே அடித்தார். கொலம்பியா கோல்கீப்பர் ஓஸ்பினா பேசாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தால் பந்து உள்ளே போயிருந்தாலும் கோல் கிடையாது. அவர் பாய்ந்தார், விரலில் பட்டது, கோல். 1-1. அதற்குப் பிறகு மற்ற ஊர்களின் ஸ்கோர் பெஞ்சுக்கு வர, கொலம்பியாவின் ஃபல்காவ் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பெரு வீரர்களிடம் போய்ப் போய்ப் பேசியதை கேமரா காட்டியது. டிராவே இரண்டு பேருக்கும் போதும் என்று ஆகியிருந்தது. கடைசி நிமிஷங்களில் யாரும் யாரையும் தொந்தரவு செய்யவில்லை. இதை "லிமா ஒப்பந்தம்" என்று இன்றுவரை சிலியில் திட்டுகிறார்கள்.

ஏனென்றால் அந்த டிராவால் செத்தது சிலி. சாவோ பாவ்லோவில் பிரேசிலிடம் 3-0. மூன்றாவது கோல் விழுந்தபோது சிலி கோல்கீப்பர் பிராவோ தன் கோலில் இல்லை, கார்னருக்குத் தலையால் முட்ட எதிர்ப் பக்கம் போயிருந்தார், கேப்ரியல் ஜீசஸ் காலி வலைக்குள் தட்டிவிட்டார். பெருவும் சிலியும் தலா 26 புள்ளி. கோல் வித்தியாசம் (போட்ட கோலிலிருந்து வாங்கிய கோலைக் கழித்தது) பெருவுக்கு +1, சிலிக்கு -1. 2015இலும் 2016இலும் அடுத்தடுத்து கோபா அமெரிக்கா (தென் அமெரிக்க சாம்பியன் பட்டம்) ஜெயித்த அணி, இரண்டு இறுதியிலும் அர்ஜென்டினாவைப் பெனால்டியில் தோற்கடித்த அணி, வீட்டில் உட்கார்ந்தது. பராகுவே கதை இன்னும் கொடுமை. சொந்த ஊரில், பட்டியலில் கடைசியில் இருந்த வெனிசுவேலாவை ஜெயித்திருந்தால் போதும், குறைந்தது பிளேஆஃப் கிடைத்திருக்கும். 84ஆவது நிமிஷத்தில் ஒரு கோல் வாங்கி 0-1 தோற்றார்கள். வெனிசுவேலாவுக்கு அந்த ஆட்டத்தில் ஆதாயம் ஒன்றுமே கிடையாது. இந்த லீக்கின் குணமே இதுதான், போக வழியில்லாத அணிதான் போகப்போவது யார் என்று முடிவு செய்யும்.

சிலி விஷயத்தில் ஒரு பின்கதை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. 2016இல் பொலிவியா, நெல்சன் கப்ரேரா என்ற பராகுவேயில் பிறந்த வீரரை இரண்டு ஆட்டத்தில் மாற்று வீரராக இறக்கியது. அவர் பொலிவியாவுக்கு ஆடத் தகுதியில்லாதவர் என்று சிலி புகார் கொடுத்தது. சிலியோடு 0-0 ஆன ஆட்டம் 3-0 என்று சிலிக்கு ஜெயிப்பாக மாறியது, டிராவுக்குக் கிடைத்த 1 புள்ளி 3 ஆனது, 2 புள்ளி லாபம். ஆனால் அதே கப்ரேரா பெருவோடும் ஆடியிருந்தார், அந்த ஆட்டத்தைப் பொலிவியா 2-0 என்று ஜெயித்திருந்தது. அதுவும் திரும்பியது, பெருவுக்கு 3 புள்ளி லாபம். இப்போது கழித்துப் பாருங்கள். புகார் கொடுக்காமலே இருந்திருந்தால் சிலி 24, பெரு 23. பராகுவேயும் 24தான், ஆனால் கோல் வித்தியாசத்தில் சிலிக்குக் கீழே. ஆக, பிளேஆஃபுக்குச் சிலிதான் போயிருக்கும். தன் வாயால் கெடுவது என்பது இதுதானோ என்னவோ. பெரு அந்த வாய்ப்பைப் பிடித்துக்கொண்டு நியூசிலாந்தை லிமாவில் 2-0 என்று ஜெயித்து 36 வருஷத்துக்குப் பிறகு உலகக் கோப்பைக்குப் போனது.

சிலிக்கும் தகுதிச் சுற்றுக்கும் இந்த மாதிரிப் பழைய பகை ஒன்று உண்டு. 1989 செப்டம்பர் 3, பிரேசிலின் மரக்கானா மைதானம். சிலி ஜெயித்தே தீர வேண்டும், பிரேசில் 1-0 என்று முன்னால். கூட்டத்திலிருந்து ஒரு பெண் எறிந்த மத்தாப்பு புகையோடு வந்து விழ, சிலி கோல்கீப்பர் ரொபெர்டோ ரோஹாஸ் முகத்தைப் பிடித்துக்கொண்டு சுருண்டார், நெற்றியெல்லாம் ரத்தம். சிலி அணி மொத்தமும் அவரைத் தூக்கிக்கொண்டு வெளியேறியது, ஆட்டம் நின்றது. பிறகு ஒரு புகைப்படக்காரர் எடுத்த படத்தைப் பார்த்தால் மத்தாப்பு அவருக்குப் பக்கத்தில் தள்ளித்தான் விழுந்திருக்கிறது, அவர் மேல் படவே இல்லை. கையுறைக்குள் பிளேடு ஒளித்து வைத்துத் தானே கீறிக்கொண்டிருக்கிறார். ரோஹாஸுக்கு ஆயுள் தடை (2001இல்தான் நீக்கினார்கள்), சிலிக்கு 1994 தகுதிச் சுற்றில் ஆடவே தடை. ஒரு கோல்கீப்பர் தன் நெற்றியைத் தானே அறுத்துக்கொள்ளும் அளவுக்கு இந்தச் சுற்று ஆளைப் பிடித்து ஆட்டுகிறது.

அடுத்தது உயரம். இதைப் பற்றி எல்லோரும் ஒரு வரி சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். நம் ஊட்டி 2,240 மீட்டர். தொட்டபெட்டா உச்சி 2,637. பொலிவியாவின் பழைய மைதானம், லா பாஸில் இருக்கும் ஹெர்னாண்டோ சிலஸ், 3,600 மீட்டருக்கு மேல். தொட்டபெட்டா மேல் இன்னும் ஒரு கிலோமீட்டர் ஏற்றி வைத்தது போல. 2024 செப்டம்பரிலிருந்து அதுவும் போதாது என்று பக்கத்தில் எல் ஆல்டோவுக்கு மாற்றிக்கொண்டார்கள், அது 4,000 மீட்டரைத் தாண்டும். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் கிட்டத்தட்ட பத்தில் ஆறு பங்குதான். கடற்கரை ஊரிலிருந்து வருகிறவன் ஒருமுறை முழு வேகத்தில் ஓடிவிட்டு நின்றால் மூச்சு திரும்பவே ரொம்ப நேரமாகும். பந்தும் ஏமாற்றும். காற்று மெலிசாக இருப்பதால் வேகம் குறையாது, வழக்கமாக வளைய வேண்டிய இடத்தில் வளையாது, தூரத்திலிருந்து அடிக்கும் பந்துக்குக் கோல்கீப்பர் அரை நொடி பிந்துவார். உள்ளூர்க்காரன் தெரிந்தே 30 மீட்டரிலிருந்து அடித்துக்கொண்டிருப்பான். வருகிற அணிகளும் ஒரு தந்திரம் வைத்திருக்கின்றன. உடம்புக்கு உயரம் பழக வேண்டுமென்றால் பல நாள் ஆகும், அவ்வளவு நாள் எந்த கிளப்பும் விடாது. அதனால் பழகுவதற்கே போகாமல், கீழே சாண்டா குருஸில் தங்கி, ஆட்டத்தன்று சில மணி நேரம் முன்னால் மட்டும் விமானத்தில் ஏறிவந்து, தலைவலி முழுசாகப் பிடிப்பதற்குள் ஆடிவிட்டு இறங்கிவிடுவார்கள்.

1993இல் பிரேசில் தன் தகுதிச் சுற்று வரலாற்றிலேயே முதல் தோல்வியை வாங்கியது லா பாஸில்தான், 2-0, இரண்டு கோலும் கடைசி நிமிஷங்களில். ஃபிஃபா 2007இல் 2,500 மீட்டருக்கு மேல் ஆடக்கூடாது என்று தடை போட்டது. பொலிவிய அதிபர் ஏவோ மொராலெஸ் விடவில்லை. 2008இல் மாரடோனாவே லா பாஸுக்கு வந்து ஒரு காட்சி ஆட்டம் ஆடிக்காட்டி, உயரமெல்லாம் ஒரு தடையே இல்லை என்று பொலிவியாவுக்கு ஆதரவாக நின்றார். தடையும் நீங்கியது. சரியாக அடுத்த வருஷம், 2009 ஏப்ரல் 1, அதே மாரடோனா அர்ஜென்டினாவின் கோச்சாக அதே மைதானத்துக்கு வந்தார், மெஸ்ஸியோடு. பொலிவியா 6, அர்ஜென்டினா 1. போட்டேரோ என்பவர் மட்டும் மூன்று போட்டார். ஏப்ரல் ஒன்று என்பதால் ஸ்கோரைப் பார்த்து முதலில் நம்பாதவர்கள் நிறைய.

ஆனாலும் உயரமே எல்லாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2023 செப்டம்பரில் அதே லா பாஸில் அர்ஜென்டினா 3-0 என்று ஜெயித்தது, மெஸ்ஸி இறங்காமலேயே. உயரம் சும்மா இருக்கிற அணியை ஜெயிக்க வைக்காது, நன்றாக ஆடும் பொலிவியாவுக்கு ஒரு கை கூடுதலாகக் கொடுக்கும், அவ்வளவுதான். எல் ஆல்டோவுக்குப் போன பிறகு நடந்ததைப் பாருங்கள்: வெனிசுவேலாவை 4-0, கொலம்பியாவை 1-0, சிலியை 2-0, பிரேசிலை 1-0, பராகுவேயோடும் உருகுவேயோடும் டிரா. 6 ஆட்டத்தில் 14 புள்ளி, ஒரு தோல்விகூட இல்லை. 18 ஆட்டத்தில் பொலிவியா எடுத்ததே மொத்தம் 20தான். வெளியூரில் கிடைத்தது வெறும் 3, சாண்டியாகோவில் சிலியை ஜெயித்தது. அதுவுமே தகுதிச் சுற்றில் அவர்கள் 31 வருஷத்துக்குப் பிறகு வெளியூரில் பார்த்த முதல் ஜெயம்.

உயரம் ஒன்று மட்டுமா? கொலம்பியாவின் தலைநகரம் பொகோட்டா 2,600 மீட்டரில் இருக்கிறது, ஆனால் அவர்கள் அங்கே ஆடாமல் கடற்கரையோரம் பாரங்கியாவைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், அதுவும் பெரும்பாலும் மதிய வெயிலில். சென்னையில் மே மாசம் மூணரை மணிக்கு ஆடச் சொன்னால் எப்படி இருக்கும், அந்தப் புழுக்கம். ஐரோப்பாவிலிருந்து 11 மணி நேரம் பறந்து வருகிற ஆள் வியாழக்கிழமை ஒரு நாட்டில் இந்தப் புழுக்கத்தில் ஆடிவிட்டு, செவ்வாய்க்கிழமை இன்னொரு நாட்டில் மலை மேல் மூச்சு முட்ட ஆடிவிட்டு, சனிக்கிழமை இங்கிலாந்தில் தன் கிளப்புக்கு இறங்க வேண்டும். இதை இரண்டு வருஷத்தில் பல தடவை. "கஷ்டம்" என்று சொல்கிறவர்கள் பாதி பேர் சொல்வது இந்த உடம்பு நோவைத்தான்.

சரி, இப்போது நீங்கள் கேட்டதற்கு நேராக வருகிறேன். 4 இடமும் ஒரு பிளேஆஃபும் இருந்தவரை உலகத்திலேயே கஷ்டமான சுற்று இதுதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். 48 அணி உலகக் கோப்பை வந்து 6 இடமும் ஒரு பிளேஆஃபும் ஆன பிறகு அப்படிச் சொல்ல மாட்டேன். 2026 சுற்றில் பிரேசில் ஆடிய லட்சணம் என்ன? உருகுவே, கொலம்பியா, அர்ஜென்டினா என்று வரிசையாக மூன்று தோல்வி, அதில் மூன்றாவது மரக்கானாவில், தகுதிச் சுற்றில் சொந்த மண்ணில் அவர்கள் தோற்ற முதல் ஆட்டம், ஓட்டமென்டி தலையால் முட்டிய கோல். 2025 மார்ச்சில் பியூனஸ் ஐரஸில் 4-1 உதை, கோச் டொரிவால் வீட்டுக்கு, ஆன்செலோட்டி வந்தார். கடைசியில் 28 புள்ளியோடு 5ஆவது. பழைய கணக்குப்படி பிரேசில் பிளேஆஃபில் நின்றிருக்க வேண்டும்! இந்த முறை இரண்டு ஆட்டம் மிச்சமிருக்கும்போதே டிக்கெட் வாங்கிவிட்டு, எல் ஆல்டோவுக்கு இரண்டாம் வரிசை ஆட்கள் நிறையப் பேரோடு போய்த் தோற்றுவிட்டு வந்தார்கள். 3ஆவது கொலம்பியாவிலிருந்து 6ஆவது பராகுவே வரை நாலு அணிக்கும் ஒரே 28 புள்ளி, வெறும் கோல் கணக்கில்தான் வரிசை. முன்பென்றால் இதுவே நாலு நாட்டுக்கும் தூக்கம் போன ராத்திரி. இப்போது யாரும் கவலைப்படவில்லை.

அதற்காக அந்தப் பதற்றம் ஒரேயடியாகச் செத்துவிடவும் இல்லை, பட்டியலில் கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. 7ஆவது இடத்துக்குக் கடைசி நாள் நடந்ததைச் சொல்கிறேன், அதுவும் நமக்குக் காலை 5 மணி ஆட்டம்தான். வெனிசுவேலா 18, பொலிவியா 17. வெனிசுவேலாவுக்குச் சொந்த ஊரில் கொலம்பியாவோடு ஆட்டம், கொலம்பியா ஏற்கெனவே தகுதி பெற்றாயிற்று. பொலிவியாவுக்குப் பிரேசில். வெனிசுவேலா இரண்டு தடவை முன்னால் போனது. எல் ஆல்டோவில் முதல் பாதி முடியும் நேரத்தில் ஒரு பெனால்டி, மிகேல் டெர்செரோஸ் போட்டார், 1-0. அந்தப் பக்கம் கொலம்பியாவின் லூயிஸ் சுவாரஸ் (உருகுவே சுவாரஸ் இல்லை, இவர் வேறு ஆள்) மட்டுமே நாலு கோல், முடிவு 6-3. மூன்று கோல் போட்டும் வெனிசுவேலாவுக்கு வழியில்லை. பொலிவியா பிளேஆஃபுக்குப் போனது. 2017இல் யாருக்கோ வெனிசுவேலா செய்ததை இந்த முறை கொலம்பியா வெனிசுவேலாவுக்குச் செய்தது.

அதே சுற்றில் ஈக்வடாரையும் பார்க்க வேண்டும். பைரன் காஸ்டியோ என்ற வீரரின் பிறப்புச் சான்று விவகாரத்தில் (புகார் கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள், சிலியேதான்) -3 புள்ளியோடு ஆரம்பித்தார்கள். 18 ஆட்டத்தில் வாங்கியதே 5 கோல். போட்டதும் அதிகமில்லை, 14தான். 29 புள்ளியோடு 2ஆவது. புகார் கொடுத்த சிலி 11 புள்ளியோடு 10ஆவது, தொடர்ந்து மூன்றாவது உலகக் கோப்பை போச்சு.

அந்தச் சிலிக்குப் பாதிச் சுற்றுக்கு மேல் கோச்சாக இருந்தவர் ரிகார்டோ கரேகா. 2018க்குப் பெருவைக் கூட்டிப்போனவரும் இவர்தான். இன்னும் பின்னால் போனால், 1985இல் பியூனஸ் ஐரஸில் அர்ஜென்டினா பெருவிடம் 1-2 என்று பின்தங்கிக் கிடந்தபோது, ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருக்க, பஸரெல்லா அடித்த பந்தைக் கோட்டருகே காலால் தட்டி 2-2 ஆக்கி, அர்ஜென்டினாவை 1986க்கு அனுப்பிய வீரரும் இவரேதான். அந்த கோலால் பெரு நேரடி இடத்தை இழந்தது. அர்ஜென்டினா உலகக் கோப்பையை ஜெயித்தது, ஆனால் கரேகாவை அந்த அணியில் எடுக்கவில்லை. வீரராக உலகக் கோப்பைக்கே போகாத மனுஷன், தான் கெடுத்த அதே பெருவைக் கோச்சாக 33 வருஷம் கழித்துக் கூட்டிப்போனார்.

ஐரோப்பாவோடு ஒப்பிட்டால் எது கஷ்டம் என்று இன்னொரு விவாதம் எப்போதும் வரும். அங்கே குரூப்பில் முதலிடம் மட்டும்தான் நேரடி. 2022க்கான சுற்றில் இத்தாலி ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை, சுவிட்சர்லாந்தோடு ஆடிய இரண்டு ஆட்டத்திலும் ஜோர்ஜினியோ பெனால்டியை விட்டார், அதனால் இரண்டாமிடம், பிளேஆஃபில் வடக்கு மாசிடோனியா 92ஆவது நிமிஷத்தில் ஒரு கோல் போட்டு அனுப்பிவிட்டது. ஐரோப்பிய சாம்பியன் பட்டம் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத அணி. ஆக, ஒரு தப்புக்கு விழும் அடி ஐரோப்பாவில்தான் பெரிசு. தென் அமெரிக்காவில் நாலைந்து தோல்வியைத் தாங்கிக்கொண்டு திரும்பி வரலாம், பிரேசிலே சாட்சி. ஆனால் இங்கே ஓய்வே கிடையாது. பரீட்சை உவமை சொன்னால், ஐரோப்பா ஒரே ஒரு பொதுத்தேர்வு, தென் அமெரிக்கா இரண்டு வருஷமும் வாராவாரம் டெஸ்ட். எனக்குப் பார்ப்பதற்குப் பிடித்தது இரண்டாவது.

2030 இன்னும் விசித்திரமாக இருக்கப்போகிறது. உலகக் கோப்பையின் நூறாவது வருஷம் என்பதால் உருகுவே, அர்ஜென்டினா, பராகுவே மூன்றும் தலா ஓர் ஆட்டம் நடத்துகின்றன, அதனால் மூன்றுக்கும் தகுதிச் சுற்று இல்லாமலேயே இடம் உண்டு. அவர்கள் போக மிச்சம் 7 அணி. அந்த ஏழில் வெனிசுவேலாவும் இருக்கிறது.